நீர்த்தேக்கத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றிய கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், என் சர்க்கரையும் சுகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நிரந்தர வேலை தருகிறார்கள், கையெழுத்துப் போட்டால் இனி அந்த ஊர்தான், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன், மாமாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியை நாலைந்து தடவை படித்தேன். உடனே பதில் போடாதது கோபத்தினால் இல்லை. போடு என்று எழுதவும் கை வரவில்லை, வேண்டாம் என்று எழுதவும் வரவில்லை. அதற்குள் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தினமும் ஒரு மணி நேரம் நடந்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர், என்னிடமே கணக்குப் படித்தவராக இருக்கலாம், கொஞ்சமும் பயமில்லாமல் பேசுகிறார். பள்ளி விடுமுறைதானே என்று ஒரு மாதமாகக் காலையில் பஸ் பிடித்து நீர்த்தேக்கத்துக்குப் போகிறேன். நீ போன பிறகு அதைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஏற்றம் இறக்கம் எதுவும் கிடையாது, பேசிக்கொண்டே நடந்தாலும் மூச்சு வாங்காது. அணைக்கட்டின் மேல் ஆரம்பித்து, கரையோர மரங்களுக்கு நடுவே போய், சரிபாதி தூரத்தில் பழைய எஸ்டேட் மாளிகையைத் தொட்டு, மறுகரை வழியாகத் திரும்பி வர வேண்டும். காற்றில்லாத நாளில் மாளிகையின் இருபத்தெட்டு ஜன்னலும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும், எண்ணிப் பார்த்துவிட்டேன். குதிரை லாயம் இருந்த இடத்தில் இப்போது டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வருவாள், ஆனால் பஸ்ஸில் நேராக டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு நானும் நடந்தேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்கிறாள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, வைத்திருக்கிற பலகையைத் தவிர. எளிய பாதை, ஐந்தரை கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறது. பள்ளியிலிருந்து விளையாட்டு வாத்தியாரின் அளவுச் சக்கரத்தை வாங்கிப் போய் உருட்டிப் பார்த்தேன், ஐந்து கிலோமீட்டர் நூறு மீட்டர்தான். மீதி நானூறு மீட்டரை யார் விழுங்கினார்கள் என்று அணை அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் போட்டாயிற்று, பதில் இல்லை. மாளிகையைச் சுற்றிக் காட்டுகிறவர் இருக்கிறாரே, மதில் கட்ட ஒரு வருஷம் ஆனது என்று ஒரு வாரம் சொல்கிறார், அடுத்த வாரம் மூன்று வருஷம் என்கிறார். எது சரி என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். இப்போது என் தலையைக் கண்டால் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுகிறார்.

போன முதல் நாளே அணைக்கட்டில் உன் மாமாவைப் பார்த்தேன். கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு அவரும் முட்டி வலிக்காக நடக்கிறாராம். எங்களுக்குள் ஆறு வருஷமாகப் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பதும் தெரியும். நீ வெளிநாடு போகப் போகிறாய் என்பது அவருக்கு நாலு மாதம் முன்பே தெரிந்திருந்தது, விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே அவர்தான், பெற்றவனுக்கு டிக்கெட் வாங்கிய பிறகு தெரிகிறது. அதை நான் மறக்கவில்லை. அதனால் அவர் இடப்பக்கமாகக் கிளம்பியதும் நான் வீம்பாக வலப்பக்கமாகக் கிளம்பினேன். பாதி தூரத்தில், எஸ்டேட்டுக்கு முன்னால் மதகின் மேல் ஒற்றையாள் போகிற மரப்பாலம் ஒன்று இருக்கிறது, அதன் நட்டநடுவில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டோம். இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி கடந்தோம். மறுநாளும் அதே பாலம். அதற்கு மறுநாளும், இப்படியே மூன்று வாரம். இதை வீட்டில் வந்து புலம்பியபோது உன் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஆறு வருஷத்தில் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. ஏங்க, நீங்க கணக்கு வாத்தியார்தானே, வட்டத்துல எதிர்ப்பக்கமா போனா ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிச்சுத்தானே ஆகணும், பின்னாலயே போயிருந்தா முதுகோட முடிஞ்சிருக்குமே என்றாள். முப்பது வருஷமாக நான் பிள்ளைகளுக்குப் போடுகிற கணக்கு அது, மகளே. கரும்பலகையில் ஆயிரம் தடவை இரண்டு பேரை எதிரெதிராக நடக்கவிட்டிருக்கிறேன்.

மறுநாள் முதல் அவருக்குப் பின்னால் ஐம்பது அடி விட்டு நடந்தேன். அதுவும் நாலு நாள்தான். எஸ்டேட் மதிலைத் தாண்டுவதற்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று மரப்படி வைத்திருக்கிறார்கள். போன வியாழக்கிழமை அவர் ஒரு காலை அந்தப் பக்கம் போட்டவர், முட்டி பிடித்துக்கொண்டு மறு காலைத் தூக்க முடியாமல் மதில் மேல் குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்துவிட்டார். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பியே பார்க்காமல், மாப்ளே, வண்டி பிரேக்டவுன், பின்னால இருக்கிறவங்க இறங்கித் தள்ளணும் என்றார். ஆறு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அது. தள்ளினேன். தள்ளும்போது, மச்சான், அரசாங்க வண்டின்னா இப்படித்தான் என்று என் வாயும் சும்மா இருக்கவில்லை.

இறங்கிய இடத்திலேயே கல்லில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். என் பெண் ஏன் உங்களிடம் முதலில் வந்தாள் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. என் பேச்சுக்கு அவகிட்ட மதிப்பே கிடையாது மாப்ளே, அதான் தைரியமா என்கிட்ட வந்தா, நான் போகாதேன்னு கத்தினாலும் போயிருப்பா, உன்கிட்ட சொல்லி நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே நின்னிருப்பா, அதுக்குப் பயந்துதான் சொல்லல, இது புரிய உனக்கு ஆறு வருஷமா என்றார். நிரந்தர வேலை பற்றி நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன். அவர் முகம் சுருங்கிவிட்டது, எனக்கு ஒரு வரி எழுதலையே கழுதை என்றார். பிறகு, இந்தத் தடவை உன்கிட்டயே கேட்டுட்டாளா, அப்ப பாத்துப் பேசு மாப்ளே என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். சேர்ந்துதான் திரும்பினோம். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நாலு மாதத்தில் ஒரு நாளாவது எனக்கு ஜாடை காட்டியிருக்கலாம், அதை அவரிடமும் சொன்னேன், இன்னும் பல தடவை சொல்வேன்.

இப்போது உன் விஷயம். வேண்டாம், வந்துவிடு என்று எழுதத்தான் எனக்கு ஆசை. மூன்று வாரமாக மனசுக்குள் அந்தக் கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன், நல்ல நல்ல காரணங்கள்கூடச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் நான் சொன்னால் நீ நின்றுவிடுவாய் என்று தெரிந்த பிறகு அதை எழுத முடியவில்லை. நிற்க மாட்டாய் என்று நினைத்திருந்தால் தாராளமாக எழுதியிருப்பேன். கையெழுத்துப் போடு, அம்மா.

போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை முழுதும் படி, சின்ன எழுத்தில் இருப்பதை இரண்டு தடவை படி. மாமாவுக்கு நாலு வரி எழுதிப் போடு, பாவம், முகம் வாடிப் போயிருக்கிறது. அம்மா நீ விட்டுப்போன கம்பளிச் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறாள், எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்கிறாள், புது வீடு பார்த்ததும் தெரிவி. எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் குறைவில்லாமல், நாலு பேர் மெச்ச நீ வாழ வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
நீ முதலில் கேட்ட ஆள்,
அப்பா