மண் போடாத கை

உடி,
டிசம்பர் 2

அன்பு மகன் ஒசிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கை உஸோவும் அவள் பிள்ளைகளும் எழுந்து நடமாடுகிறோம், நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், அப்பா இல்லாத வீட்டில் இதற்கு மேல் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் அதுவே போதும். அதைக்கூடச் சொல்லாமல் மூன்று வாரமாக என் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், நானும் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். அதனால்தான் விடுப்பு முடிந்து பிரேமனுக்குத் திரும்புகிற நர்ஸ் இஃபியின்வா கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பென் டிரைவையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை முழுக்கப் படித்த பிறகுதான் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

உஸோவிடம் நீ சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. தங்கும் அனுமதி வரும்வரை காத்திருக்கமாட்டேன், கிறிஸ்துமஸுக்குள் கிளம்பி வருகிறேன், திரும்ப உள்ளே விடாவிட்டால் போகட்டும் என்றாயாமே. உனக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது? ஏழு வருஷம் அந்தக் குளிரில் பாத்திரம் கழுவி, பெட்டி தூக்கி, இன்னும் நாலைந்து மாதத்தில் கைக்கு வரப்போகிற காகிதம் அது. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபமாகத்தான் எழுதுகிறேன். உன்னைத் தின்பது என்ன என்று எனக்குத் தெரியாதா? அப்பாவைக் குழியில் இறக்கும்போது மூத்த மகன் கை மண் விழவில்லை, அதுதானே. உன் பெரியப்பா ஒக்வுடிலி குழிக்கரையில் நின்று, "மூத்தவன் மண்ணு போடாம மூடுனா இது என்ன அடக்கம், நாயைப் பொதைக்கிற மாதிரி" என்று சத்தம் போட்டதை எந்தப் புண்ணியவானோ படம் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறான். அவன் நன்றாக இருக்கட்டும், வேறென்ன சொல்ல.

சரி, அந்தப் பென் டிரைவில் இருக்கிற நம் படத்தை நினைத்துப் பார். அதற்கு ஏதோ பேர் உண்டு, நம் வீட்டில் அது 'அப்பா செத்த படம்'தான். உனக்கு அப்போது ஏழு வயது. எனுகுவிலிருந்து படக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பிணமாகப் படுக்க வந்தவன் சவப்பெட்டியைப் பார்த்ததும் ஓடியே போனான். பெட்டியைச் செய்து கொண்டுபோய் இறக்கின உன் அப்பா, "நான் செஞ்ச பெட்டி, மூச்சு விட ஓட்டை எங்க போட்டிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும், நானே படுக்கிறேன்" என்று ஏறிப் படுத்துவிட்டார். ஒக்பா அவித்துக்கொண்டிருந்த நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சாவை விளையாட்டுக்குக் கூப்பிடுகிற மனுஷனோடு இரண்டு நாள் பேசவில்லை, கூப்பிட்ட சாவைத் திருப்பியனுப்பச் சேவல் அறுத்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டேன். அன்றைக்கு மண் போடுவதற்கு ஒரு பையன் வேண்டும் என்று, முகச்சாடை ஒத்துப்போகிறது என்று, உன்னைப் பிடித்து நிறுத்தினார்கள். நீ மண்ணை வாங்கினாய், கையை நீட்டினாய், போடவில்லை. டைரக்டர் "போடுடா, போட்டுத் தொலைடா" என்று கத்த, நீ கையை மூடிக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "எங்கப்பா சாகல, நான் எதுக்குப் போடணும்?" என்றாய். பொழுது சாய்கிறது என்று, எடுத்த அதையே படத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்போம்! கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, விருந்தாளி வந்தால் ஒரு தடவை, கரண்ட் வந்த சந்தோஷத்துக்கு ஒரு தடவை. படத்தில் வருகிற அந்தப் பொல்லாத இரண்டாம் மனைவி பேசுகிற வசனம் முழுக்க உஸோவுக்கு மனப்பாடம். பெட்டி வந்ததும் அப்பா நிறுத்துவார், "வயித்தைப் பாரு, ஏறுது பாரு, உலகத்துலயே மூச்சு விடுற பொணம் நான் ஒருத்தன்தான்" என்பார், நாம் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்போம். அப்புறம் மண் போடாத உன் கை வரும். அங்கே மட்டும் அவர் சிரிக்கமாட்டார். "பாருடி, எம் புள்ள என்னைப் பொதைக்க மாட்டேங்கறான்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஒரு இடத்துக்காகத்தான் அவர் அந்தக் குப்பைப் படத்தை இருபத்து மூன்று வருஷமாகப் போட்டார், மகனே.

அடக்கத்தன்று பெட்டியைத் தொட்டுத் தடவிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. அதற்கப்புறம் அந்தப் படத்தைப் போடக்கூடாது என்று சொல்லிவைத்தேன். போன ஞாயிறு உஸோவின் சின்னவன் தெரியாமல் போட்டுவிட்டான். அப்பாவின் வயிறு ஏறி இறங்கியது. நான் அழுதேன், நிறுத்தச் சொல்லவில்லை, மறுபடி போடச் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் பார்க்கிறேன். முடிவு தெரிந்த படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள், எனக்கு அந்த முடிவுக்கு முந்தின மூச்சு போதும். முந்தாநாள் பெரியப்பா வந்தார், அவருக்கும் போட்டுக்காட்டினேன். உன் கை வந்ததும் சிரித்தார், பிறகு தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். போகும்போது, "பையன் காகிதத்தை வாங்கிக்கிட்டே வரட்டும், எந்தம்பி அனாயோவுக்கு அங்க என்ன அவசரம்?" என்றார். சத்தம் போட்ட அதே வாய்தான்.

இதையும் தெரிந்துகொள். குழியைச் சிமெண்ட் பூசும்போது தலைமாட்டில் ஒரு சாண் இடம் பூசாமல் விடச் சொன்னேன். கொத்தனார் முறைத்தார், முறைக்கட்டும். அந்த இடம் உனக்கு. ஐந்து மாதமானாலும் ஐந்து வருஷமானாலும் அது மூடாது, நான் இருக்கிறேன். நீ பாதியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து நின்றால் அந்த மனுஷன் படுத்த இடத்தில் நிம்மதியாக இருப்பாரா, நீயே சொல். போனை எடு. சூடாகச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, தனியாக உட்கார்ந்து அழாதே, அழுவதானால் எனக்குப் போன் செய்து அழு.

கடவுள் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், அப்பாவின் பேரும் என் ஆயுசும் உனக்குத் துணை நிற்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அன்றைக்கு உன் கால்சட்டையைத் துவைக்கும்போது பை நிறைய மண் இருந்தது, திட்டிக்கொண்டே துவைக்கிற கல்லடியில் உதறினேன். அப்பாவை நம் முற்றத்திலேயே, அந்தக் கல்லுக்குப் பத்தடி தள்ளித்தான் அடக்கம் செய்திருக்கிறோம். மண் எங்கேயும் போகவில்லை. காகிதத்தோடு வா, வந்து ஒரு பிடி எடு, இந்தத் தடவை பைக்குள் போட்டுக்கொள்ளாதே.

உன் வரவுக்காக வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா,
நுவாகேகோ