ஏழு துளைகள்

அன்புள்ள மகளுக்கு,

மாடி அறையில் ஹெல்கா என்ற ஜெர்மன் பெண் வாடகைக்கு இருக்கிறாள். அவள் வாசிப்பது ஓபோ. நாயனம் போல நாணல் சீவாளி வைத்து ஊதுவதுதான்; ஆனால் அரை ஸ்வரங்களுக்கென்றே உடம்பெல்லாம் உலோகச் சாவிகள். நீ விட்டுப்போன நாயனத்தை வாங்கி ஊதிப் பார்த்துவிட்டு, "ஏழே துளைகள். இடையில் உள்ள ஸ்வரங்களை உங்கள் மகள் எப்படிக் கொண்டுவருகிறாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கல்லூரியில் இருபது வருடமாக ஒலியியல் நடத்துகிறேன். பதில் தெரியவில்லை.

இரண்டு வருடமாகப் பிரிக்காத உன் கேசட்டை நேற்று போட்டேன். ஒரு ஸ்வரத்தை எங்கே விட்டாய், அடுத்ததை எங்கே தொட்டாய் என்று என் காதுக்குப் பிடிபடவே இல்லை. வெறும் உதடும் மூச்சும் இவ்வளவு செய்யுமா? ஹெல்கா ஓபோவைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

வேலைக்கு வரும் சந்திரம்மாள் சிரித்தாள். "பொண்ணு வாசிச்சத இப்பதான் கேக்கறீங்களா? எங்க தெரு டீக்கடையில தினம் போடறாங்களேம்மா!"

மேளக்காரர்களோடு போனால் இந்த வாசல் மிதிக்காதே என்று சொன்னவள் நான்.

ஆனிப் பிரம்மோற்சவத்தில் பெரிய கோயிலில் நீ வாசிப்பதாக நோட்டீஸில் பார்த்தேன். கூட்டத்தில் நிற்பேன். என்னைத் தேடாதே, மூச்சு கலையும். முடிந்ததும் உன் குழுவினர் எல்லோருக்கும் நம் வீட்டில்தான் சாப்பாடு.

அம்மா