மூன்று வெள்ளாமைக்கு முன்னே

அப்பா,

இன்று காலை கம்பெனியில் பக்கத்து டேபிள்காரர் அயர்ன் பாக்ஸைப் பனியன் துணிமேல் வைத்துவிட்டுப் பேச்சில் மறந்துவிட்டார். கருகல் வாடைக்கு சூப்பர்வைசர் கத்தினார். எனக்கோ, விதைப்புக்கு முன் நீங்கள் சருகைக் கொளுத்தும் மலைச்சரிவு ஞாபகத்துக்கு வந்தது.

நேற்றுதான் தங்கச்சி போன் செய்திருந்தாள். உடுமலைக்கு மேலே, நீங்கள் கண்மூடிய உங்கள் கடைசிக் காட்டில்தான் அவள் இன்னமும் இருக்கிறாள். வன உரிமைச் சட்டத்தில் பட்டா கேட்டிருக்கிறாள். நம்மிடம் பழங்குடி என்ற சாதிச் சான்று இல்லாததால், மூன்று தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்ததாகக் காட்ட வேண்டுமாம். குறுக்கே நிற்பது வனத்துறையின் ஒரு பழைய விசாரணைத் தாள். அதன் கீழே உங்கள் கைரேகை.

"அப்பன் சொன்னதத்தானுங்ணா எழுதியிருக்காங்க. நாம என்னன்னு மறுக்கறது?" என்றாள்.

அந்த விசாரணையில் நானும் உங்கள் பக்கத்தில் நின்றேன். "இங்க எத்தனை வருஷமா இருக்கே?" என்று அதிகாரி கேட்டார். "மூணு வெள்ளாமை ஆச்சுங்க சாமி" என்றீர்கள். அதில் பொய்யே இல்லை. மூன்று வெள்ளாமை எடுத்ததும் மண்ணைக் காட்டுக்கே விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போவதுதான் நம் வழக்கம். வெள்ளைக்காரன் எல்லைக்கல் நட்டு, காடெல்லாம் அரசாங்கத்துடையது என்றபோதே அது குற்றமாகிப்போனது. நீங்கள் ஒளித்து மறைத்துத் தொடர்ந்தீர்கள். அவர் கேட்டது மலையைப் பற்றி, நீங்கள் சொன்னது அந்தத் துண்டு நிலத்தைப் பற்றி. மூன்று வருடத்துக்கு முன் வெளியிலிருந்து வந்தவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிராம சபையில் நான் பேச வேண்டும். என்ன பேசுவதென்றே தெரியவில்லை. உங்களுக்குக் கேள்வி புரியவில்லை என்று சொன்னால் உங்களை விவரமில்லாதவர் ஆக்கிவிடுவேன். சொன்னது சரிதான் என்றால் தங்கச்சி நடுத்தெருவில் நிற்பாள். உங்கள்மேல் கோபம்கூட வருகிறது. இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? பிறகு கோபப்பட்டதற்கு வெட்கப்படுகிறேன். கம்பெனி இருக்கும் இந்த நெருப்பெரிச்சல் ஊரில் நானும்தான் வருடத்துக்கு ஒரு ரூம் மாறுகிறேன். என்னை யாரும் அத்துமீறி வந்தவன் என்று எழுதவில்லை.

விட்டு வந்த காடுகளை யார் எங்கே பிறந்தார்கள் என்று வைத்துத்தான் நம் ஊட்டில் சொல்லுவோம். நான் பிறந்தது மூங்கப்பள்ளம், தங்கச்சி பிறந்தது கரட்டுமேடு. இரண்டையும் சபையில் சொல்லிவிடுவேன். சரிபார்க்க வருகிறவர்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டவும் செய்வேன். அந்த மூன்று வெள்ளாமைக்கு முன்னே எங்கே இருந்தீர்கள் என்று அந்த அதிகாரி கேட்கவே இல்லை என்று இத்தனை நாளும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பிறந்த காடு எது அப்பா? உங்களோடு அத்தனை வருடம் இருந்தும், நானும் கேட்கவில்லையே.