கழிப்பறை நாள்காட்டி

அன்பு மகளே,

ராணுவ உளவுத் துறை உன்னை வேலைக்கு எடுக்கவில்லை என்று அம்மா சொன்னாள். நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

உன்னைப் பற்றி விசாரிக்க வந்த அதிகாரி நம் கழிப்பறைக்குப் போனார். அங்கே பிறந்தநாள் நாள்காட்டி தொங்கவிடாத டச்சுக்காரன் உண்டா? அதில் எல்லார் பெயரையும் எழுதிவைத்தவன் நான்தானே.

வெளியே வந்தவர், "யாருங்க இந்த கிரில்?" என்றார்.

"வருங்கால மாப்பிள்ளைங்க! மாஸ்கோக்காரன். மூணு வருஷப் பழக்கம், என்னைவிட நல்லாச் சமைப்பான்!"

ரஷ்யர் எவரையும் தெரியாது என்று நீ படிவத்தில் எழுதியதை அம்மா நேற்றுதான் சொன்னாள். கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். விருந்தாளிக்குக் காபியோடு ஒன்று கொடுத்ததும் மூடிவிடும் பிஸ்கட் டப்பாவை நான் பெருமையாக மறுபடி திறந்து, உன் மாமாவுக்கே தராத இரண்டாவது பிஸ்கட்டை அவருக்குக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
அப்பா