ராணியின் சொந்தப் பெயர்

12.3.1994, சனி. ஆவடி.

எங்கள் குவார்ட்டர்ஸ் மாதர் சங்க மலர் இன்று வந்தது. கொரிய ராணி ஒருத்தியைப் பற்றிய என் கட்டுரை அதில் இருக்கிறது. ராஜா பொம்மையாக உட்கார்ந்திருக்க, அந்நிய நாடுகளோடு மல்லுக்கட்டி ஆட்சியை நடத்தியவள் அவள். அதற்காகவே அந்நியர்கள் அரண்மனைக்குள் புகுந்து அவளை வெட்டிக் கொன்றார்கள். அவளுடைய சொந்தப் பெயரை எந்த அரண்மனை ஏட்டிலும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்றுதான் கட்டுரையை முடித்திருந்தேன். அதற்குக் கீழே, என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'திருமதி சுந்தரம்' என்று அச்சடித்திருக்கிறார்கள்.

இவரிடம் காட்டினேன்.

"இன்னா இப்போ? எம் பேரத்தானே போட்டுக்கீறாங்க, ஊரான் பேரையா போட்டாங்க?" என்று சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். தட்டைப் பிடுங்கலாம் போல் இருந்தது.

நாளைக்குச் சங்கத்தில் சண்டை போடப்போகிறேன். அந்த ஆத்திரத்தோடுதான் இந்த டைரியைத் திறந்தேன். முதல் பக்கத்தில், என் கையெழுத்திலேயே இருக்கிறது: திருமதி சுந்தரம்.