அக்கரையில் உங்கள் வலையைப் பற்றிக் கேட்டேன், அண்ணை

என் அன்பு அண்ணை,

அக்கரையில் ஓரியூர்க் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். உங்கள் மகன் றெஜிக்குச் சின்ன வயதில் செங்கண்மாரி வந்தபோது, பிள்ளை பிழைத்தால் அந்தக் கோயிலுக்குக் கூட்டிவருவதாக நீங்கள் வைத்த நேர்த்தி. பிள்ளை பிழைத்தான். பிறகு சண்டை, ஊர் தாண்டப் பாஸ், விசா என்று ஒவ்வொன்றாக வந்து மறித்தன. கடைசியில், இந்திய இழுவைப்படகுகள் திரும்பவும் உங்கள் வலையை அறுத்துக்கொண்டு போன கிழமை, குருநகர்க் கரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள்.

உங்கள் மகனோடு போகத்தான் நினைத்தேன். "அப்பாவைக் கொண்டவங்களின்ரை கரைக்கு நான் வரமாட்டன், மாமி. நீங்கள் போறதெண்டாப் போங்கோ," என்றுவிட்டான். தனியேதான் போனேன்.

கோபம் பலாலி விமானநிலையத்திலேயே தொடங்கிவிட்டது. உங்கள் படகில் என்றால் ஓர் இரவு ஓட்டம். நானோ திருச்சிக்குப் பறந்து, பஸ் மாறி மாறி ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் நுழைய ஒரு முழுப் பகல் போனது. லொட்ஜில் என் கடவுச்சீட்டைப் பார்த்தவர் அதை நுனி விரலால் திருப்பித் தள்ளினார். "சிலோனாம்மா? ஸ்டேஷனுக்கெல்லாம் எழுதிக் குடுக்கணும். நமக்கெதுக்கு வம்பு, வேற எடம் பாருங்க." அடுத்த லொட்ஜிலும் அதே கதை. கடைசியில் கன்னியாஸ்திரிகள்தான் மடத்தில் ஒரு கட்டில் தந்தார்கள்.

வகுப்பில் நான் படிப்பிக்கிற சரித்திரம்தான் அந்த மண். சேதுபதிகள் ஆண்ட சீமை. பஞ்சத்துக்கு அங்கிருந்து புறப்பட்ட சனத்தை வெள்ளைக்காரன் மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்து, எங்கள் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு அனுப்பினான். பிறகு சண்டைக்குப் பயந்து ஓடிய எங்கள் சனம் அதே முகாமில் போய் இறங்கியது. எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மண்டபத்தைப் பற்றிக் கேட்டேன். "அங்க அகதிங்கதானே இருப்பாங்க. நீங்களும் அகதியா? பாவம்," என்று ஒரு முறுக்கை நீட்டினாள். நல்ல மனுஷிதான். ஆனால் எனக்கு ஏன் அப்படி ஆத்திரம் வந்தது, அண்ணை?

திருவாடானையில் ஓட்டோ பிடித்தேன். ஓட்டுநரின் பெயர் முனியசாமி. உங்களைவிடப் பத்து வயது இளையவர் இருக்கும். வழியெல்லாம் சீமைக்கருவேல முள். கண்மாய் என்று அவர் காட்டிய குளத்துக்குள்ளும் முள்தான், தண்ணீர் இல்லை. என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார்.

"யாழ்ப்பாணம்."

"அட! நான் யாழ்ப்பாணத்துல ரெண்டு மாசம் இருந்திருக்கேன் ஆத்தா."

எனக்குச் சந்தோசமாகிவிட்டது. "எங்கை இருந்தனீங்கள்?"

"ஜெயில்ல."

இழுவைப்படகில் கூலிக்குப் போனவராம். கடற்படை பிடித்திருக்கிறது. "வெவசாயம் செத்துப்போச்சு, கடலுக்குப் போனேன். எனக்கு நீச்சலே தெரியாது," என்று சிரித்தார்.

"நிப்பாட்டும் ஓட்டோவை!" என்று கத்தினேன். "என்ரை அண்ணையின்ரை வலையை அறுத்தது நீங்கள்தான். அவர் அதிலைதான் செத்தவர்."

இறங்கி நடந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. அவர் போய்விடவில்லை, ஓட்டோவை என் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். "ஏறுங்கத்தா. என்னைய வையிங்க, ஏறிக்கிட்டு வையிங்க." நான் ஏறவில்லை. கோயில்வரை அப்படியே போனோம்.

வேதத்துக்காகத் தலை வெட்டுண்ட சாமியாரின் குருதியில் சிவந்ததாம் அந்த மண். மெழுகுதிரி கொளுத்தினேன். செபம் வரவில்லை, அண்ணை. பிள்ளை வராமலே நேர்த்தியை ஒப்பேற்றிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

வெளியே வந்தபோது அவர் வேப்பமரத்தடியில் நின்றார். "இருட்டுல யாரு வலை, எந்த வலைன்னு எங்களுக்குத் தெரியாதுத்தா. தெரிஞ்சாலும் நிறுத்தச் சொல்ல நாங்க யாரு? ஓனரு கடலுக்கே வந்ததில்ல. நான் உள்ள கெடந்தப்ப எம் பொண்டாட்டி போய் நின்னா, பாக்கக்கூட இல்ல."

"அப்ப உம்மடை முதலாளியின்ரை வீட்டைக் காட்டும்."

அவர் ஓட்டோவைக் கிளப்பினார். இந்தமுறை ஏறினேன்.

கடற்கரை ஊரில் பெரிய மாடிவீடு, இரும்புக் கேற்று. கணக்குப்பிள்ளை வந்து, கம்பிக்குள் நின்றபடியே, "ஐயா மதுரைக்குப் போயிருக்காரு," என்றார். முற்றத்தில் கார் நின்றது. உள்ளே தொலைக்காட்சிச் சத்தமும் கேட்டது.

வந்த விசயத்தைச் சொன்னேன். "இது ரெண்டு கவர்மெண்டும் பேசவேண்டியதும்மா," என்று குரலை இளக்கினார். "நீங்க வேற நாங்க வேறயா? தொப்புள்கொடி உறவு. டீ சாப்பிடுறீங்களா?"

"நான் தொப்புள்கொடியைப் பற்றிக் கதைக்க வரேல்லை. வலையைப் பற்றிக் கதைக்க வந்தனான்."

அவர் உள்ளே போய்விட்டார். வெயில் சாயும்வரை அந்தக் கேற்றடியில் நின்றேன். முனியசாமியும் ஒரு பக்கமாக நின்றார், தலையைக் குனிந்துகொண்டு. யாரும் வரவில்லை. இவ்வளவு தூரம் போய், உங்கள் பெயரைக்கூட ஒருத்தருக்கும் சொல்ல முடியாமல் திரும்பினேன். கோபப்படக் கிடைத்தது நீச்சல் தெரியாத ஒரு கூலிக்காரர் மட்டும்தானா, அண்ணை? மற்றவர்களை நான் எங்கே போய்த் தேடுவது?

இங்கே வந்து ஒரு கிழமையால், என் நம்பரை வாங்கி வைத்திருந்த முனியசாமி வாட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தார். "நாளைக்குப் போட்டுங்க கடல்ல எறங்குதுத்தா. உங்க ஆளுங்ககிட்ட வலைய எடுத்துக்கச் சொல்லுங்க." அதன்பிறகு படகுகள் இறங்கும்போதெல்லாம் எடுக்கிறார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் கோபம் ஆறுகிறதா என்ன?

முதல் தரம் அதை றெஜியிடம் சொன்னேன். உங்கள் படகில் இருந்து நிமிர்ந்து பார்த்தான். "வலையை நாங்கள் எடுக்கிறதெண்டா, கடல் ஆருக்குச் சொந்தம், மாமி?"

ஆனாலும் அன்றைக்கு அவன் வலை இறக்கவில்லை. வீட்டில் கறிக்கு மீனும் இல்லை.

போன கிழமை அவனாகவே வந்து, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் கொடுத்திருப்பதாகச் சொன்னான். நேர்த்திக்கா என்று கேட்டேன். "இல்லை. உந்தக் கணக்குப்பிள்ளையை இல்லை, முதலாளியைத்தான் பாக்கவேணும்."

பள்ளிக்கூட விடுமுறைக்குப் போகிறோம், அண்ணை. அந்த ஆள் இறங்கி வந்து, உங்கள் பெயரை எங்கள் வாயால் கேட்கும்வரை கேற்றடியை விட்டு அசையமாட்டேன். இது உங்களுக்கு நான் வைக்கிற நேர்த்தி.

குருநகரில் இருந்து,
உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி,
பவுலீனா