கொட்டகையில் மாட்டிய உன் படம்

சேசு மரி சூசை துணை

சின்னமனூர்
1896 பிப்ரவரி 20

அன்பு மகன் மரிய ஜோசப்புக்கு அம்மா சந்தனம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், மாத்தளைத் தோட்டத்தில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலையை உன் பேரைச் சொல்லித்தான் முடிக்கிறேன். மார்கழியில் நீ போட்ட கடிதம் கிடைத்தது. அட்டை கடித்த புண் ஆறிவிட்டது என்று எழுதியிருந்தாய், ஆறினாலும் மலையேறும்போது காலில் புகையிலைத் தண்ணீர் தடவாமல் போகாதே. இங்கே ஐப்பசியில் பெரியாற்றுத் தண்ணீர் வந்ததிலிருந்து உன் அப்பாவை வீட்டில் பிடிக்கமுடியவில்லை, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார், சோறு ஆறிப்போகிறது. நம் பசு சிவப்பி கிடேரிக்கன்று போட்டிருக்கிறது.

அணை வேலைக்குப் போன வண்டிகள் சுண்ணாம்பு மூட்டை இறக்கிவைக்கும் பெரிய கொட்டகை ஒன்று கம்பம் சாலையில் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா. வேலை முடிந்து அது சும்மா கிடந்தது. நம் பள்ளிக்கூடத்து ஞானசிகாமணி வாத்தியார் அதைக் கேட்டு வாங்கி, இந்தப் பக்கத்தில் படம் வரைகிறவர்கள் எல்லாரும் தங்கள் படங்களைக் கொண்டுவந்து மாட்டட்டும், ஊர் பார்க்கட்டும் என்று ஆரம்பித்துவிட்டார். "மதுரையிலயிருந்து படம் வாங்கியாந்து வீட்ல மாட்டுறாக, நம்ம ஊருக்காரக வரையிறத யாரு பாத்தாக" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். யாருக்கும் சம்பளம் கிடையாது. தச்சர் கோட்டைச்சாமி மரச்சட்டம் அடித்துத் தருகிறார், வாத்தியார் கூட்டிப் பெருக்கித் திறந்துவைக்கிறார், எந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்பது மட்டும் என் பொறுப்பு. மடத்துச் சகோதரிகளிடம் வரையக் கற்றவள் நான் ஒருத்திதானே என்று என்னிடம் விட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் வரும். கோம்பையிலிருந்து தேர்ச்சீலை எழுதுகிற கர்ணன் வந்து மாட்டினார், ஐயனார் குதிரைக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள்கூட வந்தார்கள். நடுச்சுவரில் நான் வரைந்த மாதாவை மாட்டியிருந்தேன், நீலமும் பொன்நிறமும் வைத்து ஆறு மாதம் வரைந்தது. எல்லாரும் முதலில் அதன் முன்னால்தான் வந்து நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

பொங்கல் கழிந்த வாரம் நம் கோயிலில் மணியடிக்கிற ஞானதுரையின் மகள் பவுனு ஒரு துணியைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய, வெளுக்காத கோராத் துணி, அதில் அடுப்புக்கரியும் காவிக்கல்லும் மட்டும்தான். விரித்துப் பார்த்தேன், நீ இருந்தாய். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, இடது கண் பாதி மூடிப்போய். நீ கப்பலேறி நாலு வருடத்தில் உன் முகத்தை நான் ஆறு தடவை வரைந்து பார்த்திருக்கிறேன், ஆறு தடவையும் உன் மாமன் முகமாகத்தான் வந்து முடிந்தது, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். பெற்றவளுக்கு வராத முகம் இவளுக்கு எப்படி வந்தது? படிப்பும் இல்லை, யாரிடமும் கற்கவும் இல்லை. வாங்கி, கதவுக்குப் பின்னால் இருட்டு மூலையில் மாட்டினேன். அங்கேயும் போய் நின்றார்கள் மகனே. கதவைச் சாத்திவைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். சந்தனம்மா மகன் உசிரோட நிக்கிற மாதிரி இருக்கே என்று என்னிடமே வந்து சொன்னார்கள். என் மாதாவின் முன்னால் இரண்டு கிழவிகள் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் ஈரம் ஏறுகிறது, துணி கெட்டுப்போகும் என்று வாத்தியாரிடம் பொய் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். வாத்தியார் சுவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். வீட்டில் ஆளில்லாத நேரமெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். எங்கேயாவது தப்பு இருக்காதா என்று தேடினேன். அந்த மூடின கண்தான் தப்பு என்று வைத்துக்கொண்டு உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அவென் சிரிக்கையில எடது கண்ணு சொருகும்ல, ஒனக்குத் தெரியாதா?" என்கிறார். தெரியாது மகனே. என் முன்னால் நீ எப்போது அப்படிச் சிரித்தாய்? நான் கண்டிப்பாக வளர்த்தேன், என் முன்னால் தலையைக் குனிந்துதான் நின்றாய். அந்தச் சிரிப்பு முழுவதையும் வேறெங்கேயோ சிரித்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இரண்டு ஞாயிறு போன பிறகு பவுனு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நானும் சேலையை இழுத்துச் செருகினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "படம் நனைஞ்சுபோச்சா அத்தே?" என்று மட்டும் கேட்டாள். இத்தனை வருடம் சந்தனம்மா என்று கூப்பிட்டவள், அன்றைக்கு அத்தை என்றாள். நீ எப்படிடி அந்த முகத்தை வரைந்தாய் என்று கேட்டேன். "எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாக. அஞ்சு வருசத்துல வந்துருவேன்னாக. நாளாக ஆக மொகம் மங்குன மாதிரி இருந்துச்சு, மறந்துருவேனோன்னு பயந்து வரஞ்சேன்" என்றாள். தேவாரத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் வந்த இரண்டு மாப்பிள்ளைகளை அவள் வேண்டாம் என்றபோது திமிர் பிடித்தவள் என்று நானும் சேர்ந்து பேசியிருக்கிறேன். என்னிடம் நீ வருடக் கணக்கு ஒன்றும் சொல்லவில்லையே மகனே. போய்வருகிறேன் அம்மா என்று மட்டும்தானே சொன்னாய். அவளிடம் அஞ்சு வருடம் என்று சொல்லியிருக்கிறாய்.

அவளை உட்காரச் சொல்லவில்லை, அது என் தப்பு. படத்தை எடுத்துக் கொடுத்தேன், நனையவில்லை, நான்தான் ஒளித்துவைத்தேன் என்று சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். போன ஞாயிறு நான் முதல் ஆளாகக் கொட்டகைக்குப் போய் மாதாவைப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டு நடுச்சுவரில் உன் படத்தை மாட்டினேன். கோட்டைச்சாமி நல்ல வேங்கை மரத்தில் சட்டம் போட்டிருக்கிறார். ஈரம் போயிருச்சாம்மா என்று வாத்தியார் கேட்டார், போயிருச்சு என்றேன். அதற்காக என் வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று நினைக்காதே. அவள் கோடு இழுப்பதைப் பார்த்தால் இன்னமும் எரிகிறது.

இப்போது நீ எனக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதவேண்டும். உன் மனதில் அவள் இருந்தால் எழுது, நானும் அப்பாவும் வெற்றிலை பாக்கோடு ஞானதுரை வீட்டுக்குப் போகிறோம். இல்லையென்றால் அதையும் எழுதிவிடு, அந்தப் பிள்ளையை இன்னும் ஒரு வருடம் காக்கவைக்காதே, அவளுக்கு இருபது முடிந்துவிட்டது. கன்னிப்பெண் பேருக்குத் தபால் வந்தால் ஊர் பேசும், அதனால் அவளுக்கு எழுதுவதைத் தனித் தாளில் எழுதி மடித்து என் உறைக்குள்ளேயே வை. நான் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பேன், மாதாமேல் ஆணை.

கொட்டகைக்காரர்கள் எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். சூசையப்பர் துணை உனக்கு எப்போதும் இருக்கட்டும், மழையில் நனையாதே, ஞாயிறு பூசையை விடாதே, போர்வை கிழிந்திருந்தால் புதிதாக வாங்கிக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவளுக்கு எத்தனை வரி வேண்டுமானாலும் எழுது, எனக்கு அதைவிட ஒரு வரியாவது கூட எழுது.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
சந்தனம்மாள் இன்னாசி